பெயரை மாற்றினோம், ஊர் கண்டுபிடித்தது: படுவான்கரை எழுத்தாளர் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏன் இந்தப் பதிவு

மட்டக்களப்பு நகரில் உளவளத்துணை செய்யும் சிறிய அமைப்பொன்றில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் மண்டபத்தில் ஓர் எழுத்து வட்டம் கூடும். அங்கே எழுதத் தொடங்கிய ஒருவரின் கட்டுரையை நாங்கள்தான் அச்சுக்குக் கொண்டுபோனோம். அதனால் அவருக்கும் அவரோடு சேர்ந்த இன்னும் மூன்று பேருக்கும் காயம் பட்டது. அதில் எங்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. பிறருடைய வாழ்க்கையைக் கையில் எடுத்து எழுதுகிற, எழுத வைக்கிற எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். வயது, ஊர், குடும்ப விபரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன. எங்கள் பக்கப் பேச்சில் பெண்ணை மரியாதையாக ‘அவ’ என்போம், ஆணை ‘அவர்’ என்போம். எழுத்தில் இருவருக்கும் ‘அவர்’தான். எதைப் பாவிக்கட்டும் என்று கேட்டேன். “கதைக்கக்குள்ள என்னை அவ எண்டுதான் சொல்லணும் அக்கா. எழுத்தில அவர் எண்டு போடுங்க, பரவாயில்ல” என்றார்.

பின்னணி

வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் முன்பள்ளி ஆசிரியை. வட்டத்துக்கு வந்தபோது அவருக்கு 26 வயது. ஏதோ பிரச்சினை சொல்லி எங்களிடம் வரவில்லை, எழுதத்தான் வந்தார். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவருடைய கதை முழுவதும் தெரிந்த பிறகு நாங்களே அவரை ஓர் எழுத்தாளராகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு ‘கேஸ்’ ஆகப் பார்க்கத் தொடங்கிய நாட்கள் இருந்தன.

ஆறு வயதில் இரண்டு பக்க அரையிலும் வீக்கம் என்று சத்திரசிகிச்சை நடந்தது. ஹேர்னியா என்று தாய்க்குச் சொல்லப்பட்டது. பதினைந்து வயதாகியும் அவர் பெரியபிள்ளையாகவில்லை. தாய் கிளினிக்குக் கூட்டிப்போனார். ஸ்கான் செய்து பார்த்துவிட்டு, கர்ப்பப்பை இல்லை என்றார்கள். அடுத்த கிளினிக்குத் திகதி கொடுத்தார்கள். தாய் போகவில்லை. வாட்டில் ஊர்க்காரர் யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயம்.

அடுத்த வருடம் தங்கை பெரியபிள்ளையானார். அக்காவுக்கு நடக்காமல் தங்கைக்குச் சடங்கு செய்தால் ஊர் என்ன கேட்கும் என்பது அந்தத் தாய்க்கு நன்றாகவே தெரியும். பழைய ஆட்கள் ‘இருசி’ என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள், பூப்படையாத பெண்ணைக் குறிக்க. அந்தச் சொல் தன் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்று தாய் ஒரு முடிவெடுத்தார். மூத்த மகளுக்கும் நடந்ததாகச் சொல்லி, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றாகத் தண்ணி வார்த்தார். அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குப் போகும். மூத்த மகள் கல்யாணம் முடித்தால் தாயின் வீடு அவருக்கு, தாய் தகப்பன் வேறு இடம் பார்ப்பார்கள். இவருக்கு இருபத்திரண்டில் ஒரு கல்யாணம் பேசி வந்தது. தாயே ஏதோ சாட்டுச் சொல்லி அதைத் தட்டிவிட்டார். இரண்டு வருடத்தில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, வீடும் தங்கை பெயருக்கு எழுதப்பட்டது. இவர் அந்த வீட்டின் பின்அறையில் இருந்தார். ஏன் இப்படி என்று யாரும் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. கர்ப்பப்பை இல்லை என்ற ஒரு வசனம் மட்டுமே அவரிடம் இருந்தது.

முதல் மாதங்களில் கவனித்தவை

அவர் தன்னைப் பற்றி எழுதும்போதெல்லாம் படர்க்கையில் எழுதினார். “அவளுக்கு ஒரு நாள்” என்றுதான் தொடங்கும். மற்றவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி எழுதிய நாட்களில் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். அவர் முதன்முதல் ‘நான்’ என்று எழுதிய கட்டுரை அடையாள அட்டையைப் பற்றியது. இலங்கையில் அட்டை இலக்கத்திலேயே பிறந்த நாள் இருக்கும். வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதை எழுதி, பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். அந்த 500 ஐ வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அதை வாசித்து முடிந்ததும் மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பள்ளி வாசற்படியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் அவருடைய மணிக்கட்டு உடைந்தது. அந்த வயதில் அவ்வளவு சின்ன விழுகையில் எலும்பு உடைவது சரியாகப் படவில்லை. முதுகுவலியும் நெடுநாளாக இருந்தது. எங்களோடு வேலை செய்யும் தாதி ஒருவர்தான் சத்திரசிகிச்சையையும் இதையும் சேர்த்து யோசித்தார். ஆறு வயதில் உள்ளே இருந்து எதை எடுத்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றார்.

ஆவணத்தைத் தேடியது

வீட்டில் இருந்தது பாதி கிழிந்த ஒரு டயக்னோசிஸ் கார்ட் மட்டும். இரண்டு வழிகள் இருந்தன. நேரே நிபுணரிடம் போய்ப் புதிதாகச் சோதனைகள் செய்யலாம், அல்லது பழைய பதிவைக் கேட்கலாம். முதலாவது விரைவானது. அவர் இரண்டாவதும் வேண்டும் என்றார். “எனக்கு என்ன செய்தாங்க எண்டு அவங்கட கையெழுத்தில பாக்கணும்.” அது நியாயமாகப் பட்டது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். ஒருவருடைய மருத்துவப் பதிவை மற்றவர்களுக்குக் கொடுக்க அந்தச் சட்டம் தடை வைத்திருக்கிறது, சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் தடை இல்லை. தன் பதிவைத் தானே கேட்கிறார் என்பதால் சம்மதக் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு இணைத்தோம். அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பழைய பதிவுகள் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மேன்முறையீடு செய்தோம். பிறகு இரண்டு பக்கப் போட்டோ கொப்பி வந்தது.

சத்திரசிகிச்சைக் கூடத்துக் குறிப்பில் நான்கு வரி. அரையில் வீங்கியிருந்தவை விதைச் சுரப்பிகள், இரண்டும் அகற்றப்பட்டன. குறிப்பின் கடைசியில், தாய்க்குச் சொல்ல வேண்டாம் என்ற பொருளில் ஒரு வரி.

அதன் பிறகு ஹோர்மோன் நிபுணர் ஒருவரிடம் போனோம். மரபணுச் சோதனையில் 46 எக்ஸ்வை என்று வந்தது, வழமையாக ஆண்களுக்கு இருக்கும் நிறமூர்த்த அமைப்பு அது. ஆண்ரோஜன் என்ற ஆண் ஹோர்மோனுக்கு உடம்பு பதில் கொடுக்காத நிலை இது. சுரப்பி வேலை செய்யும், உடம்பு அதைக் கேட்காது. ஆகவே வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே பிறந்து வளர்வார்கள். கர்ப்பப்பை இருக்காது. அந்தச் சுரப்பிகளை விட்டு வைத்திருந்தால், அவற்றின் ஹோர்மோனே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனாக மாறிப் பருவ வளர்ச்சியைக் கொடுத்திருக்கும், எலும்பையும் காத்திருக்கும். புற்றுநோய் வரலாம் என்ற பயத்தில் முன்பு சிறு வயதிலேயே எடுத்துவிடுவார்கள். இந்த நிலையில் பருவமடையும் முன் அந்த ஆபத்து குறைவு என்பதால், இப்போது பெரும்பாலும் காத்திருக்கவே சொல்கிறார்கள். இவருக்கு எடுத்துவிட்டார்கள், மாற்றாக ஹோர்மோன் மாத்திரையும் பல வருடங்கள் கிடைக்கவில்லை. கொழும்பில் செய்த எலும்பு அடர்த்திச் சோதனை, மணிக்கட்டு ஏன் உடைந்தது என்பதைக் காட்டியது.

நிபுணர் அவசரமில்லாமல் ஒரு மணித்தியாலம் இருந்து விளங்கப்படுத்தினார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது இவர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்குத் தமிழ்ல என்ன பேர் அக்கா?”

எழுத்தும் செயற்பாடும்

பிறப்பிலேயே உடலமைப்பு ஆண், பெண் என்ற வழமையான பிரிப்புக்குள் அடங்காதவர்களைக் குறிக்கத் தமிழ்நாட்டில் புழங்கும் ‘ஊடுபால்’ என்ற சொல்லை அவரே தேடிக் கண்டுபிடித்தார். சொல் கிடைத்ததும் அதன் வழியே ஆட்களும் கிடைத்தார்கள். 2006 இல் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்று, பாலினச் சோதனையின் பின் பதக்கத்தை இழந்த புதுக்கோட்டை வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன். மதுரையிலிருந்து ஊடுபால் மக்களுக்காகப் பேசியும் எழுதியும் வரும் கோபி ஷங்கர். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஊடுபால் குழந்தைகளுக்கு அவசியமில்லாத பாலினச் சத்திரசிகிச்சைகளைத் தடை செய்யச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிராபத்து இருந்தால் தவிரச் செய்யக் கூடாது என்று ஆணையும் போட்டது. அதற்கு நான்கு வருடம் முன்பே, 2015 இல், மோல்டா நாடு இதைச் சட்டமாக்கியிருந்தது. தமிழில் கிடைத்ததையெல்லாம் வாசித்து, கிடைக்காததைத் தாதி அக்காவின் உதவியோடு தமிழில் எழுதினார். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே எளிமை அந்த எழுத்தில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, பிரான்சில் 1838 நவம்பர் 8 ஆம் திகதி பிறந்த எர்குலின் பார்பன் பற்றிச் சொன்னார். பெண்ணாக வளர்ந்து, பள்ளியில் படிப்பித்து, இருபது வயதைத் தாண்டியபின் சட்டப்படி ஆணாக மாற்றி எழுதப்பட்டவர். தனியே இறந்து கிடந்தபோது பக்கத்தில் அவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு இருந்தது. அதன் பகுதிகளை ஒரு மருத்துவர் தன் நூலில் சேர்த்து வெளியிட்டார். அவருடைய பிறந்த நாளை இன்று ஊடுபால் மக்கள் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். “அவவும் டீச்சர்தான்” என்றார் இவர். “அவ எழுதினத்த அவவாக் குடுக்கல்ல, எடுத்திட்டாங்க.” இந்த வசனத்தை நான் அன்றே குறித்து வைத்தேன். ஆனால் சில மாதங்கள் கழித்து நாங்களும் அதற்குப் பக்கத்திலேயே போய் நின்றோம்.

வெளியிட எடுத்த முடிவு

ஒக்டோபர் 26 ஊடுபால் விழிப்புணர்வு நாள். 1996 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மருத்துவ மாநாட்டுக்கு வெளியே ஊடுபால் மக்கள் நின்று எதிர்ப்புக் காட்டிய நாள் அது. அதையொட்டி வரும் சிற்றிதழ் ஒன்றில் அவருடைய கட்டுரையைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். அவருக்கும் விருப்பம். புனைபெயர் வைத்தோம். ஊர்ப் பெயரை எடுத்தோம். முன்பள்ளியைப் பாடசாலை ஆக்கினோம். இவ்வளவு போதும் என்று நினைத்தோம்.

கட்டுரையின் மிக நல்ல பகுதி அந்தச் சடங்கைப் பற்றியது. அந்த வீட்டுச் சடங்கோடு சம்பந்தப்பட்ட ஒரு மூத்த அம்மா உண்மையை அறிந்தும் வெளியே சொல்லவில்லை. அவர் என்ன செய்தார் என்பதை இவர் இரண்டு பந்தியில் எழுதியிருந்தார். வட்டத்தில் பலர் அழுதார்கள். அதை வெட்டலாமா என்ற கேள்வியே எங்களுக்கு வரவில்லை. அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. தாயிடமும் தங்கையிடமும் கேட்கவில்லை. எழுதியவர் சம்மதித்தால் போதும் என்பதுதான் எங்கள் கணக்கு.

நடந்தது

இதழ் வந்து இரண்டு கிழமைக்குள் அந்தப் பக்கங்களை யாரோ படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். வாவியைக் கடக்கும் பாதையில் போய்வருகிற சனங்களின் போன்களில் அது சுற்றியது. பாடசாலை என்று மாற்றியதோ புனைபெயரோ யாரையும் ஏமாற்றவில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே நாளில் தண்ணி வார்த்த வீடு அந்தச் சுற்றுவட்டத்தில் ஒன்றுதான்.

முன்பள்ளியிலிருந்து மூன்று பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்தினார்கள். நிர்வாகம் அவரை “கொஞ்ச நாளைக்கு” வர வேண்டாம் என்றது. அந்த மூத்த அம்மாவின் வீட்டுக்குப் போய் நின்று, நீ அன்றைக்குப் பொய் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அதன் பிறகு கோயில் திருவிழாவுக்கும் வரவில்லை.

தங்கைக்கு நடந்தது நாங்கள் கனவிலும் நினைக்காதது. இந்த நிலை பல குடும்பங்களில் தாயின் எக்ஸ் நிறமூர்த்தம் வழியாக வரும். எல்லோருக்கும் பரம்பரையில் வருவதில்லை, சிலருக்குப் புதிதாகவும் தோன்றும். பரம்பரை என்றால், தங்கையும் அதைக் காவுகிறவராக, அதாவது தனக்கு இல்லாமலே பிள்ளைக்குக் கடத்தக்கூடியவராக, இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. கட்டுரையில் இவர் இதை அழகாக விளங்கப்படுத்தியிருந்தார். தங்கையின் மாமியார் வீட்டில் அதை வாசித்தார்கள். தங்கை அப்போது கர்ப்பிணி.

தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. “ரெண்டு புள்ளையையும் நான்தான் பெத்தன் மிஸ். ஒருத்திட கதைய எழுதினா மத்தவள்ட கதையும்தானே வெளிய வரும். இவ்வளவு படிச்சிருக்கீங்க, இத யோசிக்கல்லயா?” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகு எடுத்த முடிவுகள்

பொலிசுக்குப் போக வேண்டும், படத்தைப் பரப்பியவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் மறுத்தார். முறைப்பாடு என்றால் இன்னும் பத்துப் பேர் முன்னால் தன் உடம்பைப் பற்றிக் கதைக்க வேண்டி வரும் என்றார். இதழின் மீதிப் பிரதிகளைத் திரும்ப எடுத்தோம். போனில் பரவியதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முதலில் அந்த மூத்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போவோம் என்று அவர் முடிவெடுத்தார். நான் தாயிடம்தான் முதலில் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்ன காரணம் சரியானது: தாய் கோபித்தாலும் தாய், அந்த அம்மாவுக்கு இதில் ஒரு கடமையும் இல்லை. போனோம். அவர் தேத்தண்ணி தந்தார். என்னை அதிலிருந்து எடுத்துப்போடு மகள் என்று மட்டும் சொன்னார்.

தங்கையை ஹோர்மோன் நிபுணரிடம் கூட்டிப்போகலாம், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று சொன்னோம். விருப்பம் என்றால் மட்டும், முடிவு அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்ற நிபந்தனையோடு. அவர் சோதனை செய்தாரா, என்ன வந்தது என்பது இந்தப் பதிவில் இருக்காது.

முன்பள்ளிப் பெற்றோரோடு ஒரு கூட்டம் வைத்தோம். நாங்கள் பேச ஆயத்தமாகப் போயிருந்தோம். அவர் எழுந்து தானே பேசினார். ஒரு அம்மம்மா, “உனக்கு என்ன வருத்தம் மகள்?” என்று கேட்டார். “வருத்தம் இல்ல அம்மம்மா. நான் பிறந்த விதம் அது. சின்னதில செய்த ஒப்பரேஷனாலதான் எலும்புக்கு வருத்தம்” என்றார். எங்கள் பயிற்சிக் கையேட்டில் இதைவிட நல்ல விளக்கம் ஒன்றும் இல்லை.

பின்னர்

மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அடுத்த தவணையில் அவரும் வேலைக்குத் திரும்பினார். தாய் எட்டு மாதம் எங்களோடு கதைக்கவில்லை, மகளோடு கதைத்தார். வீட்டில் பின்அறை இன்னும் அவருக்குத்தான். மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார். எலும்பு முழுதாகத் திரும்பாது என்று நிபுணர் சொல்லியிருக்கிறார், மேலும் தேயாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது சொந்தப் பெயரில் எழுதுகிறார். ஊர் அறிந்துவிட்டது, இனி மறைத்து என்ன என்ற கோபத்தில் எடுத்த முடிவு அல்ல அது. ஆறு மாதம் யோசித்து, தாயிடமும் தங்கையிடமும் வாசித்துக் காட்டித்தான் எடுத்தார். பிராந்தியத்தின் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அவரும் அந்த நிபுணரும் சேர்ந்து வகுப்பு எடுக்கிறார்கள். ஒப்பரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம் என்பது இவருடைய பகுதி. எதற்கு அவசரப்பட வேண்டும் என்பது நிபுணருடைய பகுதி. பிறவியில் அட்ரினல் சுரப்பி கோளாறாகி உப்பு வெளியேறும் நிலை உள்ள பெண் குழந்தைகள், வெளிப்பார்வைக்கு விதை இறங்காத ஆண் குழந்தை போல இருக்கலாம். பிறந்து ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள் வாந்தி, சோர்வு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அந்த வகுப்புக்கு வந்த ஒருவர் ஒரு மாலை இவருக்குப் போன் எடுத்தார். பிறந்த குழந்தையை வீட்டில் பார்க்கப் போயிருக்கிறார், வைத்தியசாலையில் ஆண் குழந்தை என்று நீல நிறப் பதிவுப் புத்தகம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். விதை இரண்டும் கையில் படவில்லை, குழந்தை பன்னிரண்டு நாள், பால் குடித்தது எல்லாவற்றையும் வாந்தி எடுக்கிறது. சனங்கள் கண்ணூறு என்று தண்ணி ஓதக் கொண்டுபோக ஆயத்தம். நீலமா இளஞ்சிவப்பா என்பதைப் பிறகு பார்ப்போம், இப்போதே வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள், உப்பு குறைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றார் இவர். குழந்தை பிழைத்தது. மருந்தில் இருக்கிறது. சத்திரசிகிச்சை எதுவும் செய்யவில்லை, பெற்றோர் காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

இனி மாற்றிச் செய்வது

பெயரை எடுப்பதை நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்ததுதான் அடிப்படைப் பிழை. கொழும்பில் ஒரு மாடி வீட்டில் இருப்பவருக்கு அது போதுமாக இருக்கலாம். எல்லோரும் எல்லோருடைய சடங்குக்கும் போய்வந்த ஊரில் ஒருவரை அடையாளம் காட்டுவது அவர் வாழ்வில் நடந்த சம்பவங்கள்தான். இப்போது எந்தச் சுயகதையையும் அச்சுக்குக் கொடுக்கும் முன், அதே பக்கத்தைச் சேர்ந்த நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பந்தியை மட்டும் வாசிக்கக் கொடுத்து, யாரென்று தெரிகிறதா என்று கேட்கிறோம். ஓம் என்றால் அந்தப் பந்தி போகாது.

கதையில் வருகிற ஒவ்வொருவரையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறோம். அவருக்கு இதில் என்ன இழப்பு வரலாம், அவரிடம் யார் கேட்பது என்று. பரம்பரையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றால் இரத்த உறவுகளின் சம்மதம் இல்லாமல் அதை நாங்கள் வெளியிடுவதில்லை. எழுதியவரின் உரிமையை இது குறைக்கிறதே என்று வட்டத்தில் ஒருவர் வாதாடினார். அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது, இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். சம்மதத்தையும் ஒரு தடவையோடு விடுவதில்லை. எழுதும்போது, அச்சுக்கு முன், வெளிவந்த பிறகு என்று மூன்று தடவை கேட்கிறோம். மூன்றாவது தடவை வேண்டாம் என்றால் பிரதிகளை எடுத்துவிடுவோம்.

அவருடைய புத்தகம் இப்போது தயாராகிறது. அந்த மூத்த அம்மாவைப் பற்றிய இரண்டு பந்தியும் அதில் இல்லை. அவர் எழுதியதிலேயே மிக நல்லது அது. குறிப்புப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

இந்தப் பதிவை அச்சுக்கு முன் அவரிடம் கொடுத்தேன். மூன்று இடத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். அந்த மூன்று இடமும் இதில் இல்லை.